வியாழன் இரண்டு மணி வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள்: எங்கள் மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவ இயக்குநர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

சென்ற மாதம் நர்சிங் ஸ்டேஷன் போர்டில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. வியாழக்கிழமை மதியம் 2 மணியிலிருந்து 3 மணி வரை நடந்துவந்த வகுப்பு இனி இல்லை. ஊழியர்கள் தங்கள் சொந்த நேரத்தில் செல்போன் செயலியில் பாடங்களைப் பார்த்து, சான்றிதழை எச்.ஆர். பிரிவில் ஒப்படைக்க வேண்டும். மூன்றாம் மாடி நூலக அறை இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கு ஒதுக்கப்படுகிறது. மொத்தம் ஆறு வரி.

நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் வழியாக இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதப் போவதில்லை. படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்துவிடும்; மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்த ஊரில் வேறு மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் என் தோழிகளும் இதே கதையைச் சொல்வதால், அந்த நிர்வாகிகளும் இதைத் தங்களுக்கு எழுதியதாக எடுத்துக்கொள்ளலாம்.

நான் 2005-ல் வேலைக்குச் சேர்ந்தேன். அன்றிலிருந்து பிரசவ வார்டுதான். அந்த நாட்களில் வலியோடு வந்து சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதலில் இரண்டு காரியம் செய்வோம். அடிவயிற்றுக்குக் கீழே ரேசரால் மழிப்போம். பிறகு எனிமா கொடுப்போம். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் அந்தப் பெண் கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போவாள். கூச்சத்தில் அழுதவர்கள் உண்டு. "எல்லாருக்கும் செய்யறதுதாம்மா, இன்ஃபெக்‌ஷன் வரக்கூடாதுன்னுதான்" என்று சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் அப்படித்தான் சொன்னார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 1996-ல் இயல்பான பிரசவத்துக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எல்லாருக்கும் வழக்கமாக மழிப்பதையும் எனிமா கொடுப்பதையும், தீங்கானவை அல்லது பயனற்றவை, கைவிட வேண்டியவை என்ற பட்டியலில் அது வைத்திருந்தது. நான் வேலைக்குச் சேர 9 ஆண்டு இருக்கும்போதே. எங்கள் வார்டில் அது நின்றது 2014-ல்.

இடையில் 18 ஆண்டுகள். அதில் என் கைபட்ட பெண்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆயிரத்துக்குக் குறையாது. ஒருத்திக்கும் நான் கெடுதல் நினைத்ததில்லை. எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஒரு வழியும் அன்று இல்லை. வயிற்றை அமுக்கித் தள்ளச் சொன்னபோது அமுக்கியிருக்கிறேன். தலைச்சன் பிரசவம் என்றால் கேட்காமலே கத்திரியை எடுத்து வைத்திருக்கிறேன். பிரசவத்தின்போது வயிற்றை அமுக்குவதும், குழந்தை வரும் வழியை அகலமாக்க எல்லாருக்கும் வழக்கமாகக் கீழே வெட்டுவதும் வேண்டாம் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் திரும்பவும் சொன்னது. அந்த முறை எங்களுக்கு அது சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. காரணம், அதற்குள் வியாழன் வகுப்பு இருந்தது.

அந்த வகுப்பை 2014-ல் தொடங்கியவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்ட ஒரு மகப்பேறு மருத்துவர். காலை ஷிப்ட் முடிந்து மதிய ஷிப்ட் ஏறும் நேரம் அது. இரண்டு ஷிப்ட்டும் ஒரே சமயத்தில் மருத்துவமனைக்குள் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில், வார்டுக்குத் தேவையானவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை நூலக அறைக்கு அழைத்தார். முதல் வியாழக்கிழமை அவர் பாடம் எதுவும் நடத்தவில்லை. "நீங்க தினமும் செய்யற வேலைல, ஏன் செய்யறோம்னு தெரியாம செய்யறது ஒண்ணு சொல்லுங்க" என்றார். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண், "எனிமா, மேடம்" என்றாள். அடுத்த வியாழக்கிழமை அந்த ஒரு கேள்விக்கான ஆய்வுகளை அச்செடுத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் வியாழக்கிழமை எங்கள் வார்டின் அட்மிஷன் தாளிலிருந்து அந்த வரி அடிக்கப்பட்டது.

ஆதாரத்தின் அடிப்படையில் சிகிச்சை என்று மாநாடுகளில் பேசப்படுவது இதுதான். 1990-களின் தொடக்கத்தில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து கார்டன் கயட் முதலானோர் அந்தப் பெயரைப் பரப்பினார்கள். டேவிட் சாக்கெட் 1996-ல் அதற்கு விளக்கம் எழுதியபோது, கிடைப்பதில் சிறந்த ஆய்வு ஆதாரத்தை மருத்துவரின் அனுபவத்தோடும் நோயாளியின் விருப்பத்தோடும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். இதில் நோயாளியின் விருப்பம் யார் காதில் முதலில் விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டில் பக்கத்தில் நிற்பவள் காதில்தான்.

2023 கோடையில் நடந்த ஒரு வகுப்பை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அதைப் பார்க்காதவர்களுக்கு எதை நிறுத்தினோம் என்பது தெரியாது.

பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கு பற்றிய வகுப்பு. கேன்டீனில் சொல்லி பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் வாங்கி வந்தேன். மேசைமேல் பழைய பெட்ஷீட்டை விரித்து, ரத்தம் ஒற்றும் துணி (மாப்) நாலு, பேட் இரண்டு வைத்து, அளந்து 600 மில்லி ஊற்றினேன். எவ்வளவு இருக்கும் என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னேன். 14 பேர் எழுதினார்கள். அதில் இரண்டு டியூட்டி டாக்டர்களும் உண்டு. 200, 250, 300. மிக அதிகமாக எழுதியவர் 400. ஒருவர்கூட 500-ஐத் தொடவில்லை. 500-ஐத் தாண்டினால்தான் ஆபத்து என்று எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரியும். தெரிந்த 14 பேரும் கண் முன்னால் இருந்த 600-ஐத் தவறவிட்டார்கள். பிறகு நனைந்த துணிகளைத் தராசில் வைத்து, உலர்ந்த எடையைக் கழித்துக் காட்டினோம். அறையே அமைதியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் ஆய்வை எடுத்தோம். கர்நாடகத்தில் பெலகாவி மருத்துவர்கள் பங்கேற்று 2006-ல் வெளிவந்த ஆய்வில், கண்ணால் பார்த்துச் சொன்ன அளவு, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் அளந்ததைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. எங்கள் வகுப்பு நடந்த 2023-ன் மே மாதம்தான் இ-மோட்டிவ் என்ற ஆய்வின் முடிவு வந்திருந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். விரிப்பை வைத்து ரத்தத்தை அளந்து, அளவு தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் எல்லாச் சிகிச்சையையும் சேர்த்தே தொடங்கினார்கள்: கர்ப்பப்பையை மசாஜ் செய்வது, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட், டிரிப், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று பரிசோதிப்பது. கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன், மரணம் இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் 60 சதவீதம் குறைந்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அறுபது சதவீதம்னா நூறு பேர்ல அறுபது பேரைக் காப்பாத்தினாங்களாக்கா?"

இந்தக் கேள்வியைச் செயலி கேட்க விடாது. கேட்டாலும் பதில் சொல்லாது. போர்டில் எழுதிக் காட்டினேன். வழக்கமான முறையில் ஆயிரம் பெண்களில் 43 பேருக்கு அப்படி ஆனது, புதிய முறையில் 16 பேருக்கு. வித்தியாசம் 27. "அப்ப ஆயிரத்துல இருபத்தேழு பேர்" என்று அவளே முடித்தாள். உடனே இன்னொருவர், "அங்கே இருக்கற மாதிரிதானா நம்ம வார்டு? நமக்கு டாக்டர் பக்கத்திலேயே இருக்காங்களே?" என்று கேட்டார். அதற்கு அரை மணி நேரம் வாதாடினோம். ஓர் ஆய்வை எப்படி நம்புவது, எவ்வளவு நம்புவது, நம் ஊருக்கு எப்படிப் பொருத்துவது என்பதை அவர்கள் அந்த அரை மணியில்தான் கற்றார்கள். அதுவும் தமிழில். விழுப்புரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகள் இவர்கள். ஆங்கிலத்தில் வரும் ஆய்வுத்தாளைத் தனியாக உட்கார்ந்து படிக்கச் சொன்னால் இரண்டாம் பத்தியில் மூடிவிடுவார்கள். யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னால் என்னைவிடக் கூர்மையாகக் கேள்வி கேட்கிறார்கள்.

டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறாரே என்ற கேள்விக்கு அந்த டிசம்பரில் பதில் கிடைத்தது. மிக்ஜாம் புயல். டிசம்பர் 3-ஆம் தேதி இரவு டியூட்டிக்கு வந்த நாங்கள் 5-ஆம் தேதி வரை வெளியே போக முடியவில்லை. 4-ஆம் தேதி வேளச்சேரி பக்கமிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிவரப்பட்ட ஒரு பெண்ணுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. மகப்பேறு மருத்துவர் பள்ளிக்கரணையில் மாட்டிக்கொண்டார். போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. டியூட்டி டாக்டர் தியேட்டரில் ஓர் அவசர சிசேரியனில். கட்டிலைப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. நாடி மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. விரிப்பின் அடியில் கோட்டைப் பார்த்த பெண் "அக்கா, நானூத்தம்பது" என்றாள். பின்வரிசையிலிருந்து கேள்வி கேட்டவள்தான். கொஞ்ச நேரத்தில் 500.

யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி கர்ப்பப்பையில் கை வைத்தாள். ஒருத்தி டிரிப்பைத் திறந்தாள். டாக்டர் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்திருந்த ஆர்டரின்படி ஆக்ஸிடோசின் போனது. டிரானெக்ஸாமிக் ஆசிட் ஒரு கிராம், பத்து நிமிடத்தில் மெதுவாகப் போனது. அந்த மருந்தைத் தருவதில் 15 நிமிடம் தாமதித்தால் பலன் சுமார் 10 சதவீதம் குறைகிறது. 3 மணி நேரத்துக்குப் பிறகு தருவதில் பயனில்லை. இதுவும் அந்த நூலக அறையில் படித்ததுதான். டியூட்டி டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தபோது ரத்தம் நின்றுகொண்டிருந்தது. மொத்தம் 850 மில்லி. தண்ணீர் வடிந்ததும் அந்தத் தாய் இரண்டு பிள்ளைகளோடு வீட்டுக்குப் போனாள்.

ஒரு கேஸை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்பதும் அதே வகுப்பில் கற்றதுதான். அந்தப் பெண் வேறு விதத்திலும் பிழைத்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் வார்டில் எட்டு கைகள் தயங்காமல் வேலை செய்ததை நான் பார்த்தேன். அந்தத் தயக்கமின்மை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

இனி நீங்கள் தந்திருக்கும் செயலி. நானும் பதிவிறக்கிப் பார்த்தேன். 22 நிமிட வீடியோ. விரலால் தள்ளினால் கடைசிக்குப் போய்விடுகிறது. பிறகு பத்துக் கேள்வி. தப்பாகத் தொட்டால் திரும்பத் தொடலாம், சரியாகும் வரை. கிண்டியில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவதற்குள் எனக்கு இரண்டு சான்றிதழ் வந்துவிட்டது. அதில் ஒன்று கைகழுவுதல் பற்றியது. அதில் என்ன சொன்னார்கள் என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. 2009-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு ஒன்று (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுவது), மருத்துவப் பணியாளர்களுக்கான கூட்டங்களையும் பட்டறைகளையும் பற்றிய 81 சோதனைகளை அலசியது. நேரில் கூடிக் கற்பதிலேயே பழக்கம் மாறுவது சராசரியாக 6 சதவீத அளவுதான். பேச்சோடு கலந்துரையாடலும் பயிற்சியும் சேர்ந்தால் தனிப் பேச்சைவிடப் பலன் கூடுகிறது என்று அது சொன்னது. கூடி உட்கார்ந்து செய்வதற்கே இவ்வளவு பாடு என்றால், ரயிலில் விரலால் தள்ளுவதை எந்த ஆதாரத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள்? எங்களிடம் ஒவ்வொரு ஊசிக்கும் காரணம் கேட்கும் மருத்துவமனை, தன் முடிவுக்கும் காரணம் காட்ட வேண்டும்.

இன்னொன்று. அந்தச் செயலியில் சில பாடங்களின் கடைசியில் பொருள் விற்கும் கம்பெனிகளின் முத்திரை இருக்கிறது. குழந்தைகளுக்கான பால்பவுடர் கம்பெனிகள் மருத்துவப் பணியாளர்களின் கருத்தரங்குக்கோ படிப்புக்கோ பணம் தரக்கூடாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மற்ற பொருட்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் காயத்துக்கு எந்தத் துணியைக் கட்ட வேண்டும் என்று அந்தத் துணியை விற்பவரிடமே பாடம் கேட்கச் சொல்வது சரியாகப் படவில்லை.

நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குக் காதுவழியாகத் தெரியும். வகுப்புக்கு நர்சிங் கவுன்சிலின் கிரெடிட் (தொடர்கல்விக் கணக்கில் சேரும் மணி நேரம்) இல்லை, செயலிக்கு இருக்கிறது என்கிறீர்கள். நர்சுகள் பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டில் 150 மணி நேரம் தொடர்கல்வி என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. வாரம் ஒரு மணி நேரம் நடந்த எங்கள் வகுப்பு 5 ஆண்டில் 250 மணி நேரத்தைத் தொடும். அதற்கு அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியது நிர்வாகம். 2014-லிருந்து அந்த விண்ணப்பம் போகவே இல்லை. மருத்துவர்களுக்கும் 5 ஆண்டில் 30 மணி நேரம் என்று 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன; இந்த அறையிலேயே அவர்களும் அதைப் பெற்றிருக்கலாம்.

இரண்டு ஷிப்ட்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரச் சம்பளம் வீண் என்ற பேச்சும் உண்டு. அந்த நேரம் ஹேண்ட்ஓவருக்காக எப்படியும் இருக்கும் நேரம்தான். இப்போது அந்தச் செலவை எங்கள் தலையில் மாற்றியிருக்கிறீர்கள். ஆவடியிலிருந்து வரும் பெண்ணுக்குப் போக வர மூன்று மணி நேரம். வீட்டில் சமையல், பிள்ளைகள், மாமியாருக்கு மருந்து. அவளுடைய சொந்த நேரம் என்று நீங்கள் சொல்வது அவள் தூங்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஓட்டலில் நடக்கும் கருத்தரங்குக்குப் போக நினைத்தால் கட்டணம் கைக்காசு, ஆஃப் நாளும் போச்சு.

இந்தியாவின் முதல் நர்சிங் பள்ளி தொடங்கியது இந்த ஊரில்தான், 1871-ல், அரசுப் பொது மருத்துவமனையில். நான்கு மாணவிகளோடு, ஆறு மாத மகப்பேறு பயிற்சியாக. படித்த செவிலி வேண்டும் என்று அன்றே உணர்ந்த ஊர் இது. படிப்பு டிப்ளமோவோடு முடிந்துவிட்டது என்று இங்கே ஒரு மருத்துவமனை முடிவெடுப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. வியாழன் 2 மணி வகுப்பை, டியூட்டி நேரத்துக்குள்ளேயே, அடுத்த மாதத்திலிருந்து மீண்டும் நடத்த உத்தரவிடுங்கள். நர்சுகளோடு டியூட்டி டாக்டர்களும், ஃபார்மசியிலிருந்தும் லேபிலிருந்தும் ஒருவராவதும் அதில் உட்கார வேண்டும். கேள்விகள் வார்டிலிருந்து வர வேண்டும், கம்பெனியிலிருந்து அல்ல. நூலக அறையைத் திருப்பித் தர முடியாவிட்டால், கதவு உள்ள வேறு ஓர் அறையும், தடையில்லாத இணையம் உள்ள ஒரு கம்ப்யூட்டரும் தாருங்கள். வார்டு கம்ப்யூட்டரில் இப்போது ஆய்விதழ்கள்கூடத் திறப்பதில்லை. வகுப்புக்கு அங்கீகாரம் கேட்டு கவுன்சிலுக்கு விண்ணப்பியுங்கள். அதற்கான கோப்பை நானே தயார் செய்து தருகிறேன், 2014 முதல் உள்ள வருகைப் பதிவேடும் பாடக் குறிப்புகளும் என்னிடம் இருக்கின்றன. வெளியே நடக்கும் பயிற்சிக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொருவருக்கும் சம்பளத்தோடு விடுப்பும் கட்டணமும் கொடுங்கள். செயலியை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சான்றிதழ் வாங்கவில்லை என்பதற்காக யாருடைய இன்கிரிமென்ட்டையும் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, பிரசவ வார்டுக்கு அளவு விரிப்புகள் கேட்டு நாங்கள் கொடுத்த இன்டென்ட் (கோரிக்கைச் சீட்டு) மூன்று வாரமாக ஸ்டோரில் நிற்கிறது. கையிருப்பில் இன்று காலை 11 இருந்தன. அதற்கு இந்த வாரமே கையெழுத்துப் போடுங்கள். மற்றவற்றுக்கு 15 நாளில் எழுத்தில் பதில் தாருங்கள். சுற்றறிக்கை ஒட்டிய அதே போர்டில் ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
மூத்த ஸ்டாஃப் நர்ஸ், பிரசவ வார்டு
சென்னை